தெரிவும் ஒதுக்கீடும்: மலேசியத் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக நுழைவு – ஒரு வரலாற்று நோக்கு

மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தை ஏன் தெரிவு செய்கின்றனர், அவ்வாறு தெரிவு செய்தபின் அங்குப் பெறும் கல்வியில் எந்த அளவுக்கு மனநிறைவு எய்துகின்றனர் என்னும் இரு வினாக்களும் உயர்கல்வி ஆய்வுகளில் நெடுங்காலமாக இணைத்தே பேசப்பட்டு வருகின்றன. வின்சன்ட் டின்டோ 1975-இல், மாணவர் படிப்பை இடைநிறுத்துவதற்கும் அவர் கல்விச் சூழலோடும் சமூகச் சூழலோடும் ஒன்றிப்போவதற்கும் உள்ள தொடர்பை விளக்கினார். டேவிட் சாப்மன் 1981-இல் மாணவர் தெரிவுக்கு ஒரு மாதிரியை வகுத்தார். குடும்பப் பொருளாதாரம், மாணவரின் தேர்ச்சி, பெற்றோர், நண்பர், கட்டணம், தொலைவு, நிறுவனத்தின் விளம்பர முயற்சி ஆகியன அம்மாதிரியில் இடம்பெற்றன. இன்று நம் நாட்டில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் உருவாக்கும் வினாநிரல்களில் பெரும்பாலானவை இவ்விருவர் வகுத்த பாதையிலேயே செல்கின்றன என்றால் அது மிகையாகாது.

அவ்வினாநிரல்களின் முதற்கேள்வி ஏறத்தாழ ஒன்றே: 'இப்பல்கலைக்கழகத்தை நீங்கள் தெரிவு செய்ததற்குக் காரணம் என்ன?' ஐந்து கட்டங்களில் ஒன்றில் மாணவர் குறியிடுகிறார். இக்கேள்விக்கு முன்னே வரவேண்டிய வேறொரு கேள்வி உண்டு என நாம் கருதுகிறோம். அவர் தெரிவு செய்தாரா, அல்லது அவருக்கு ஓர் இடம் தரப்பட்டதா? அமெரிக்க மாணவரை மனத்திற்கொண்டு எழுந்த மாதிரியில் இக்கேள்விக்கு அதிக இடமில்லை. மலேசியத் தமிழ் மாணவரின் வரலாற்றிலோ இதுவே தலையாய கேள்வி. எனவே, இக்கட்டுரை புள்ளிவிவர ஆய்வாக அன்றி வரலாற்று நோக்கிலேயே அமைகின்றது. பல்கலைக்கழக வாயிலை இச்சமூகத்து மாணவர் எவ்வெவ் வழிகளில் அடைந்தனர் என்பதையும், அவ்வழி அவர்தம் பிற்கால மனநிறைவுக்கு எவ்வாறு நிறம் தந்தது என்பதையும் ஆராய்வதே நம் நோக்கம்.

ஏழு வயதில் முடிந்துபோன தெரிவு

மலாயாவில் உயர்கல்வியின் தொடக்கம் 1905-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியாகும். பின்னர் அது ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. கலை, அறிவியல் பாடங்களுக்கென இராஃபிள்ஸ் கல்லூரி 1928-இல் வகுப்புகளைத் தொடங்கியது. கார்-சாண்டர்ஸ் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி இவ்விரண்டும் 1949 அக்டோபர் 8-ஆம் நாள் இணைக்கப்பட்டு மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுவரை பட்டம் வேண்டியவர் கடல் கடக்கவேண்டும். 1885-இல் ஏற்படுத்தப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம் மிகச் சிலரை இங்கிலாந்துக்கு அனுப்பியது.

இந்நிறுவனங்கள் அனைத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலம். ஆகவே, ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் செல்லுமா என்பது அப்பிள்ளையை ஏழு வயதில் எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்பதிலேயே பெரிதும் முடிவாகிவிட்டது. நகரத்து எழுத்தர், புகைவண்டித்துறை ஊழியர், ஆசிரியர் முதலியோரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். இவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர், மலையாளிகள் ஆகியோரின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பெற்றிருந்த பங்கினும் பெரிது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வியோடு நின்றது. மேற்படிப்புக்குத் தமிழ்வழி இடைநிலைப் பள்ளி இல்லை. பிற்காலத்தில் வந்த புகுமுக வகுப்பு ஒரு பாலமே எனினும், ஓராண்டை விலையாகக் கேட்ட பாலம். மலாயா இந்தியரிடையே 'பல்கலைக்கழகத் தெரிவு' என்று ஒன்று இருந்திருக்குமாயின், அது பதினெட்டு வயது மாணவருடையது அன்று. ஏழு வயதுப் பிள்ளையின் தந்தை வசித்த இடமும் வாங்கிய சம்பளமும் செய்த தெரிவு அது.

இக்காலத்துப் பட்டதாரிகளிடம் மனநிறைவு இருந்ததா என்று கேட்பதே சற்றுப் பொருந்தாக் கேள்வி. மருத்துவராகவோ அரசு அதிகாரியாகவோ ஆவதற்கான ஒரே வாயிலில் நுழைந்துவிட்டவர், உள்ளே கற்பித்தல் எவ்வாறு இருந்தது என்று தனியே எண்ணிப் பார்க்கக் காரணம் குறைவு.

மக்கள் கேட்டுப் பெற்ற துறை

இந்நிலையில்தான், தெரிவு என்னும் சொல்லுக்கு முற்றிலும் வேறொரு பொருளைத் தரும் நிகழ்வு 1950-களில் நடந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

புதிய பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுக்கு ஒரு துறை வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. அத்துறையில் எந்த மொழி முதன்மை பெறவேண்டும் என்பதிலேயே சிக்கல் தோன்றியது. இது குறித்து அறிவுரை கூற அழைக்கப்பெற்ற பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்தை முன்வைத்தார். இந்தியப் பண்பாட்டின் தொன்மையையும் தென்கிழக்காசியாவில் அது பரவியதையும் ஆராய விழையும் ஒரு வரலாற்றறிஞரின் பார்வையில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கெடாவிலும் சாவகத்திலும் கிடைக்கும் பழங்கல்வெட்டுகளைப் படிக்க அம்மொழி இன்றியமையாதது. ஆயினும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பான்மையோரின் மொழி தமிழ். அவர்களது வரிப்பணத்தால் இயங்கும் பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு இரண்டாம் இடமா என்ற வினா எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை ஓர் இயக்கமாக மாற்றினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. துறைக்குத் தமிழ் நூல்களை வாங்கிச் சேர்ப்பது அதன் நோக்கம். 1956-இல் சிங்கப்பூர் வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றபோது தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று.

இவ்வரலாறு நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் பெருமிதத்தோடு சொல்லப்படுவது. ஆயினும், மாணவர் தெரிவு என்னும் நோக்கில் அதனை யாரும் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. சாப்மனின் மாதிரியில் நிறுவனம் முன்னரே இருக்கிறது. மாணவர் வந்து அதனைத் தெரிவு செய்கிறார். இங்கோ நிறுவனத்தையே ஒரு சமூகம் தெரிவு செய்தது. அதற்காகப் பணம் கொடுத்தோருள் பலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத்தக்க பிள்ளை இல்லை. அனுப்பத்தக்க பிள்ளை உள்ளவர்களோ ஆங்கிலம் பயின்றவர்கள். தம் பிள்ளைக்கு மருத்துவத்தையும் சட்டத்தையும் விரும்பியவர்கள். ஆக, துறையை விரும்பியோரும் துறையில் சேரக்கூடியோரும் இருவேறு மக்கள். இந்த இடைவெளி துறையின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது என்பது நம் கருத்து. இன்றும் தமிழ் மாநாட்டு மேடைகளில் தமிழ்த்துறைகளின் எதிர்காலம் குறித்து உருக்கமாக உரையாற்றுவோர் எத்தனை பேர் தம் மக்களை அத்துறைகளுக்கு அனுப்புகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு, இது பழங்கதை அன்று என்பது விளங்கும்.

1959-இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று. 1962 சனவரி 1-ஆம் நாள் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரில் நிலைபெற்றது. சேவியர் தனிநாயகம் அடிகளார் 1961-இல் அதன் தலைமையை ஏற்று அப்பத்தாண்டின் இறுதிவரை பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அவ்வளாகத்தில் கூடியது. துன்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். அன்று துறையில் பயின்ற மாணவர் சிறு தொகையினரே. ஆயினும், தாம் பயிலும் துறை உலகத் தமிழாய்வின் நடுவிடங்களுள் ஒன்று என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். கட்டணம், விடுதி, நூலக நேரம் என நிரல்படுத்தும் வினாநிரல் எதனாலும் அளக்க இயலாத மனநிறைவு இது. தாம் கற்பது மதிப்புடையது என்று பிறர் ஒப்புவதைக் காணும் வாய்ப்பு, ஒரு வேளை, தாமே விரும்பித் தெரிவு செய்யாத பாடத்தையும் தம்முடையதாக ஏற்கச் செய்யும்.

சிங்கப்பூர் மாணவருக்கு இப்பெயர்ச்சி ஓர் இழப்பு. எந்த நகரத்துத் தமிழர் துறைக்காக முன்னின்று பொருள் திரட்டினரோ அந்நகரத்துப் பிள்ளைகள், தமிழில் பட்டம் பெறவேண்டுமாயின், 1965-க்குப் பின் வேற்று நாடாகிவிட்ட ஓரிடத்துக்குச் செல்லவேண்டியதாயிற்று.

விருப்ப வரிசையும் கிடைத்த இடமும்

1969 மே மாத நிகழ்வுகளுக்குப் பின் மலேசிய உயர்கல்வியின் போக்கு மாறியது. மலாயாப் பல்கலைக்கழக மாணவரின் வளாக வாழ்க்கையை ஆராய அமைக்கப்பட்ட மஜிட் குழு 1971-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் 153-ஆம் விதி திருத்தப்பட்டு, பல்கலைக்கழக இடங்களில் ஒரு விகிதத்தைப் பூமிபுத்திரா மாணவருக்கு ஒதுக்க வழி ஏற்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கையும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. மலாய் மாணவரின் எண்ணிக்கை, சிறப்பாக அறிவியல் துறைகளில், மிகக் குறைவாக இருந்தமை உண்மை. அதனைச் சீர்செய்ய அரசு முற்பட்டதன் நியாயத்தை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. தெரிவின் இயல்பு மாறியதே ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது.

பல்கலைக்கழக நுழைவு ஒரு நடு அலுவலகத்தின் வழி நடைபெறலாயிற்று. மாணவர் படிவத்தில் தம் விருப்பங்களை வரிசையிட்டு எழுதுகிறார். தேர்ச்சி, இடங்களின் எண்ணிக்கை, ஒதுக்கீடு ஆகியவற்றைக்கொண்டு ஓரிடம் தரப்படுகின்றது. இந்திய மாணவருக்கு எட்டிய இடங்கள் குறைந்தபோது, வரிசையின் முதலில் எழுதியது கிடைப்பது அரிதாயிற்று. மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர் உயிரியலுக்கும், சட்டத்துக்கு விண்ணப்பித்தவர் கலைப்புலத்துக்கும் வந்தனர். அவருள் ஒரு பகுதியினர் இந்திய ஆய்வியல் துறைக்கும் வந்தனர். இத்துறைகளில் பணியாற்றும் ஆசிரியர் எவரும், முதல் வார வகுப்பில் 'நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள்?' என்று கேட்டபோது எழும் அமைதியை அறிவர்.

இவ்வமைதியைக் கண்டு நம்மில் சிலர் மாணவர்மீது குறைகூறுவதுண்டு. தமிழ்ப்பற்று இல்லை என்பர். அது முறையன்று எனக் கருதுகிறோம். எட்டாத பொருளைத் தாம் விரும்பியதே இல்லை என்று மனம் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் இயல்பை யோன் எல்ஸ்டர் 1983-இல் 'புளித்த திராட்சை' என்னும் தலைப்பிட்ட நூலில் ஆராய்ந்தார். ஒதுக்கீட்டில் வந்த மாணவர் இரண்டாம் ஆண்டில் 'தமிழ்தான் என் விருப்பம்' என்று எழுதுவதில் அத்தகைய தேறுதலும் இருக்கலாம். உண்மையான மாற்றமும் இருக்கலாம். குறியிட்ட கட்டத்தைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது.

வேறுபடுத்த உதவும் சான்று வேறிடத்தில் உள்ளது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல்கலைக்கழகங்கள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. அச்சூழலில் தமிழ் இலக்கிய வகுப்புகள் தமிழிலேயே நடந்தமை, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவருக்குத் தாம் தயங்காமல் வாய்திறக்கக்கூடிய இடமாக அமைந்தது. மேலும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையை நோக்குக. அதன் நிகழ்ச்சிகளை நடத்தியோரும் 'பேரவைக் கதைகள்' போட்டிகளுக்கு உழைத்தோரும் தமிழ் பயின்ற மாணவர் மட்டுமல்லர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் மாணவரும் அதில் பங்குகொண்டனர். தம் துறை தராத நிறைவைச் சிலர் தமிழில் தேடினர். தமிழ்த்துறைக்கு விரும்பாமல் வந்த சிலரும் வகுப்பறையில் காணாத நிறைவை அங்கேயே கண்டனர். டின்டோ 'சமூக ஒன்றிப்பு' என்று குறித்தது இதுவே. ஆயின் அவர் கூறிய ஒன்றிப்பு வளாகத்தோடு. இங்கு நிகழ்ந்ததோ வளாகத்தின் வழியாகத் தம் சமூகத்தோடு.

2002-ஆம் ஆண்டு நுழைவில் இன விகித முறை கைவிடப்பட்டுத் தகுதி அடிப்படை அறிவிக்கப்பட்டது. ஆயின் எஸ்.டி.பி.எம். தேர்வெழுதியோரும் மெட்ரிகுலேசன் முடித்தோரும் இருவேறு வாயில்களில் வந்து ஒரே வரிசையில் நின்றனர். இரண்டையும் எவ்வாறு ஒப்பிடுவது என்ற சர்ச்சை ஓயவில்லை. ஆகவே தெரிவு மீண்டும் ஒரு படி கீழே இறங்கியது: எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு முன், எந்த நுழைவுப் பாதை என்பது. இந்திய மாணவருக்கென மெட்ரிகுலேசன் இடங்கள் 2012-இல் 1,500 என்றும் 2018-இல் 2,200 என்றும் அறிவிக்கப்பட்டன. 2024-இல் எஸ்.பி.எம். தேர்வில் பத்தும் அதற்கு மேலும் 'ஏ' பெற்றோர் அனைவருக்கும், இனவேறுபாடின்றி, மெட்ரிகுலேசன் இடம் உறுதி செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

தமிழாசிரியர்கள் நன்கறிந்த வேறொரு செய்தியும் இங்கு இணைகிறது. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களின் எண்ணிக்கைக்குப் பத்து என்று வரம்பு விதிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அவ்வரம்புக்கு வெளியே தள்ளப்படும் என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்புக்குப் பின் பன்னிரண்டு பாடங்கள் எழுத இசைவு கிடைத்தது. பதினேழு வயதில் தமிழ் இலக்கியத்தைக் கைவிட்ட மாணவர் பத்தொன்பது வயதில் தமிழ்த்துறையை வரிசையின் முதலில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் மாணவர் தொகையை அத்துறையின் விளம்பரத் தாளைவிட, இடைநிலைப்பள்ளியின் கால அட்டவணையே தீர்மானிக்கிறது.

பணமும் அங்கீகாரமும்

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோர் வெளிநாடு நோக்கினர். பிரிட்டன் 1980-இல் அயல்நாட்டு மாணவரிடம் முழுக் கட்டணத்தை வசூலிக்கத் தொடங்கியதும் அவ்வழி குறுகியது. மணிப்பால் முதலிய இந்திய மருத்துவக் கல்லூரிகள் நம்மவருக்கு நெடுங்காலமாகப் புகலிடமாயிருந்தன; 1997-இல் மலாக்காவிலேயே மணிப்பாலின் கல்லூரி தோன்றியது. 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் உள்நாட்டுத் தனியார் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டே நாணய நெருக்கடி வந்தது. ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்த மதிப்பு நான்கைத் தாண்டியது. 1998 செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. வெளிநாட்டுக் கட்டணம் சில மாதங்களிலேயே ஒன்றரை மடங்காயிற்று. மூன்றாண்டும் உள்நாட்டிலேயே பயின்று வெளிநாட்டுப் பட்டம் பெறும் 'மூன்றுடன் சுழியம்' முறை இக்காலத்தில் பரவியது. ம.இ.கா.வின் முயற்சியால் 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் தொடங்கப்பெற்றது.

கட்டணத்தோடு அங்கீகாரமும் ஒரு வாயிலாயிற்று. மலேசிய இந்திய மாணவர் பலர் பயின்றுவந்த கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை விலக்குவதென்று 2005-இல் முடிவு செய்யப்பட்டபோது, நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பு எழுந்தது. அங்குப் படித்தோரின் மனநிறைவு ஆசிரியரின் திறமையாலோ ஆய்வுக்கூடத்தின் வசதியாலோ அன்றி, கோலாலம்பூரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவால் ஒரே நாளில் மாறியிருக்கும்.

எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது

உயர்கல்வி அமைச்சு நடத்தும் பட்டதாரித் தடமறி ஆய்வு பட்டமளிப்பு விழாவை ஒட்டி நிகழ்கிறது. பட்டதாரி அங்கியை வாங்கும் வரிசையில் உள்ளார். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கின்றனர். குடும்பத்தின் முதற்பட்டதாரிக்கு அவ்வாரம் எத்தகையது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. அந்நேரத்தில் தரும் விடை பொய்யன்று. ஆனால் அது கற்றலைப் பற்றிய விடையா, வந்துசேர்ந்ததைப் பற்றிய விடையா என்பது ஐயத்துக்குரியது. அதே மாணவர் பத்தாண்டு கழித்து, ஓர் இடைநிலைப்பள்ளியில் இலக்கிய வகுப்புக்குப் பதினைந்து மாணவரைத் திரட்ட அலையும்போது, தாம் கற்றதைப் பற்றி வேறொன்று கூறக்கூடும். அவ்விடையே நம் போன்ற துறைகளுக்குப் பயன்படுவது.

வினாநிரலில் ஒரு வரியைச் சேர்ப்பது கடினமன்று: 'இப்படிப்பு உங்கள் விருப்ப வரிசையில் எத்தனையாவது?' முதலாவதாக எழுதியோரையும் பின்னர் எழுதியோரையும், எழுதவே எழுதாதோரையும் பிரித்து, ஒவ்வொரு பிரிவினரின் மனநிறைவும் முதலாண்டிலிருந்து இறுதியாண்டுவரை எவ்வாறு மாறுகிறது என்று காணவேண்டும். சராசரி ஒன்றே போதும் என்று கொண்டால், விரும்பி வந்து ஏமாற்றமடைந்தவரும் விரும்பாமல் வந்து ஈடுபாடு கொண்டவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்து மறைந்துபோவர். துறைக்குத் தேவைப்படும் செய்தி அவ்விருவரிடமே உள்ளது.

ஒப்பிட்டு நோக்க ஒரு நல்ல களமும் அண்மையில் கிடைத்துள்ளது. துறை சிங்கப்பூரைவிட்டு நீங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2006-இல் அந்நாட்டின் சிம் பல்கலைக்கழகம் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2017-இல் அது சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர்மாறியது. பணியிலிருப்போருக்கென வகுக்கப்பட்ட பகுதிநேரப் படிப்பு அது. மாலையில் வேலை முடிந்து வகுப்புக்கு வரும் அம்மாணவர் நடு அலுவலகம் ஒதுக்கிய இடத்துக்கு வந்தவரல்லர். தம் நேரத்தைச் செலவிட்டுத் தமிழை நாடி வந்தவர். சாப்மன் கருதிய தெரிவு நம் வட்டாரத்துத் தமிழ்க் கல்வியில் எங்கேனும் முழுமையாகக் காணப்படுமாயின் அங்கேதான் காணப்படும். அவர்களிடமும், கோலாலம்பூரில் மூன்றாம் விருப்பமாக வந்து மூன்றாமாண்டை முடிப்போரிடமும் ஒரே வினாக்களைக் கேட்கும் ஆய்வை இரு நாட்டுத் துறைகளும் சேர்ந்து செய்தல் இயலும். விடைத்தாளின் மேற்பகுதியில் வயதும் விருப்ப வரிசை எண்ணும் இருத்தல் வேண்டும்.